வீடே உட்கார்ந்து எழுதிய பரீட்சை

அந்த வீட்டில் எந்த வேலையையும் ஒரே ஆள் செய்து நான் பார்த்ததில்லை. வெங்காயம் உரிப்பதென்றாலும் மூன்று பேர் உட்கார்ந்து, மூன்று பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே உரிப்பார்கள். பல்பு மாற்ற ஒருவர் ஸ்டூலில் ஏறினால் ஒருவர் ஸ்டூலைப் பிடிப்பார், ஒருவர் பல்பைப் பிடிப்பார், இன்னொருவர் "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டு நிற்பார். அந்தக் கடைசி வேலை பெரும்பாலும் எனக்குக் கிடைக்கும்.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே முன்னறை முழுக்கத் தையல். வீட்டுக்கார அம்மாளை முதல் வாரமே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். அவர் கணவர் வீடுகளுக்குத் தரையில் டைல்ஸ் போடுகிறவர், அண்ணன் என்பேன். அக்காவின் தங்கைக்கு மருந்துக்கடையில் வேலை. தெருவே அவளைச் சித்தி என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன், அவள் என்னைவிட இரண்டு வயது சின்னவள் என்றாலும். பிறகு மகள். பதினொரு வயது. நாலு வயதிலேயே ஊசி நூல் கோத்துச் சட்டைக்குப் பட்டன் தைத்தவள் என்பதால் வீட்டிலும் தெருவிலும் அவள் பட்டன்தான். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

குடிவந்த முதல் மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. புது ஊர், தெரிந்தவர் யாரும் இல்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் நாலு பேரும் நின்றார்கள். சித்தி நெற்றியில் கை வைத்தாள். அக்கா படுக்கை விரிப்பை உருவி மாற்றினார். அண்ணன், வந்ததோ வந்துவிட்டோம் என்று, ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தார். பட்டன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் நைட்டியில் பிய்ந்திருந்த பொத்தானைத் தைத்தாள். நைட்டியை நான் போட்டுக்கொண்டிருந்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்ததற்கு யாராவது அவர்களைப் பித்தலாட்டக்காரர்கள் என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது.

எனக்கு வேலை, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்தில். கணினி அறை என் பொறுப்பு. முப்பத்திரண்டு கணினி, அதில் இருபத்தொன்பது ஓடும். வருஷத்தில் இரண்டு தடவை பிள்ளைகளுக்குக் கணக்குப் பரீட்சை அதில்தான் நடக்கும். தாளில் எழுதும் பரீட்சை மாதிரி இல்லை அது. திரையில் ஒரு கேள்வி வரும். சரியாகச் சொன்னால் அடுத்தது கொஞ்சம் கடினமாக வரும். தப்பாகச் சொன்னால் கொஞ்சம் எளிதாக வரும். தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வர முடியாது. இந்தப் பிள்ளைக்கு எதுவரை தெரியும், எங்கே திணறுகிறது என்று தேடிக்கொண்டே போகும். அதனால் வகுப்பில் முதல் பிள்ளையோ கடைசிப் பிள்ளையோ, யாராக இருந்தாலும் கிட்டத்தட்டப் பாதி தப்பாகத்தான் வரும். நூற்றுக்கு நூறு வாங்கிப் பழகியவர்கள்தான் முதல் தடவை அழுதுகொண்டே வெளியே வருவார்கள். காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று என் மேஜையில் எப்போதும் இருக்கும்.

அந்த வருஷம்தான் பட்டனுக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. வெளியிலிருந்து வருகிற பிள்ளைகளை ஒரு வருஷம் பார்ப்பார்கள். இரண்டு பரீட்சையிலும் வருகிற எண்ணை வைத்துத்தான் இருக்கலாமா, பழைய பள்ளிக்கே திரும்ப வேண்டுமா என்று முடிவு. அக்கா நாலு வருஷமாக எங்கள் பள்ளிச் சீருடையைப் பிறத்தியார் பிள்ளைகளுக்குத் தைத்துக்கொண்டிருந்தவர். தன் மகளுக்கென்று முதல் சட்டையை வெட்டிய அன்று, துணி கோணலாகிவிட்டது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இன்னொரு துணி எடுத்து வெட்டினார். கோணல் துணியைத் தூக்கிப் போடாமல் பீரோவில் வைத்திருந்தார்.

முதல் பரீட்சை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பிடித்தது, எட்டு நாள் விடவில்லை. கணினி அறையில் கணுக்கால் அளவு தண்ணீர். பள்ளியை மூடினார்கள். பரீட்சையைத் தள்ளிப்போட வழியில்லை என்று மேலிடம் சொன்னதால் பிள்ளைகளுக்கு மடிக்கணினிகளைக் கொடுத்து அனுப்பினோம். கூடவே ஒரு சுற்றறிக்கை. "தேர்வை மாணவர்கள் வீட்டிலேயே எழுதலாம். முதலில் மாதிரிப் பயிற்சி, பிறகு தேர்வு." அதை எழுதியவள் நான்தான். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை வேறு படித்துப் பார்த்தேன்.

ஒரு நாள் மத்தியானம், மழை அடித்துப் பெய்துகொண்டிருந்தபோது, டீக்காகக் கீழே இறங்கினேன். வெட்டு மேஜைமேல் துணியெல்லாம் ஒதுக்கிவிட்டு மடிக்கணினியை வைத்திருந்தார்கள். பட்டன் நடுவில். சுற்றி மூவரும். அண்ணன் கையில் சுண்ணாம்புக்கட்டி. தரை முழுக்கக் கணக்கு. அவித்த முட்டை ஒரு தட்டில் உரித்தபடி கிடந்தது, யாரும் தொடவில்லை. மாதிரிப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டேன். எட்டிப் பார்த்தேன். ஏதோ ஒரு பட்டை வரைபடம்.

"இது எதுக்கு டீச்சர் இவ்ளோ கோடு போட்டு வெச்சிருக்கான்?" என்றார் அக்கா.

"மூணாவதுதான் பதில்" என்றேன். டீயை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

மழை விட்டுப் பள்ளி திறந்ததும் எண்கள் வந்தன. அந்த வகுப்பில் நீடிக்கக் குறைந்தபட்சம் இருநூறு வேண்டும். பட்டன் இருநூற்று முப்பத்தெட்டு. வகுப்பிலேயே இரண்டாவது. அவளைக் கணக்கில் முதல் குழுவில் போட்டார்கள். அன்று கீழ்வீட்டில் ஒரே ஆர்ப்பாட்டம். சித்தி கேக் வாங்கி வந்தாள். அண்ணன் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு வந்து எண்ணைக் காட்டினார். எனக்கும் பெருமை பிடிபடவில்லை. மாடியில் குடியிருந்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை என்றாலும், "எங்க வீட்டுப் பொண்ணு" என்று ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் அந்தப் பெண் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். முதலில் அக்காதான் கவனித்தார்.

"டீச்சர், இதப் பாருங்க" என்று ஒரு சட்டையை நீட்டினார். பட்டன்கள் எல்லாம் ஓட்டை இருக்கிற பக்கத்திலேயே தைக்கப்பட்டிருந்தன. "இவ தெச்சது. நாலு வயசுல கூட இப்படித் தெச்சதில்ல. ஸ்கூல்ல யாராவது ஏதாவது சொல்றாங்களா?"

"விசாரிக்கறேன்க்கா."

விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் மாடிப்படியில் அவளே காத்திருந்தாள். புத்தகப்பையைக் கழற்றவில்லை.

"டீச்சர், மூளை இடத்துக்கு இடம் மாறுமா?"

"என்ன கேக்கற? புரியலையே."

"வீட்டுல இருக்கும்போது எனக்கு எல்லாம் தெரியுது. ஸ்கூலுக்கு வந்தா ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. பாலத்தத் தாண்டினா போயிடுது."

"வீட்டுப்பாடம் எல்லாம் சரியாத்தானே போட்டுட்டு வர்ற?"

"எல்லாம் ரைட்டு. வீட்டுல போடறதால."

"யாரு போடறா?"

"நாங்கதான்."

"நாங்கன்னா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "நாங்க எல்லாரும்."

 மேலே போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளுடைய பரீட்சை அறிக்கையைத் திறந்தேன். மொத்த எண்ணைத்தான் அதுவரை எல்லாரும் பார்த்திருந்தோம். உள்ளே தலைப்பு வாரியாகப் பிரித்துப் போட்டிருந்தது. பரப்பளவு: மிகச் சிறப்பு. அது அண்ணன். நீள அளவைகள்: மிகச் சிறப்பு. அது அக்கா, கழுத்தில் இன்ச் டேப்போடு. தசமமும் விகிதமும்: மிகச் சிறப்பு. மில்லியும் மில்லிகிராமுமாக நாள் முழுக்க அளந்து கொடுக்கும் சித்தி. கடிகாரமும் நேரமும்: மிகவும் பின்தங்கியுள்ளார். அந்த வீட்டில் யாரும் எதற்கும் நேரத்துக்குப் போய் நான் பார்த்ததில்லை. கடைசி வரியில், வரைபடம் படித்தல்: ஒரு கேள்வி, சரியான விடை.

அது நான்.

 பிறகு கீழே போனேன். அண்ணன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, விரல் இடுக்கில் சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சித்தி உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். பட்டன் கடைக்குப் போயிருந்தாள்.

"அக்கா, அன்னிக்கு மழையில பட்டன் எழுதினாளே, அது மாதிரிப் பயிற்சியா, நெஜப் பரீட்சையா?"

"நெஜம்தான். மாதிரிய மொத நாளே முடிச்சுட்டோமே."

"முடிச்சுட்டோமா?"

"ஆமா. அது சப்புன்னு இருந்துச்சு. நெஜம்தான் உயிர வாங்கிடுச்சு. நாம ஒண்ணு போட்டா அது அதுக்கு மேல ஒண்ணு போடுது."

அண்ணன் உற்சாகமாக நிமிர்ந்தார். "கடைசியில ஒண்ணு வந்துச்சு பாருங்க டீச்சர், வட்டத்துக்குள்ள சதுரம், சதுரத்துக்குள்ள வட்டம். ரெண்டு நாள் தூக்கத்துல கூட அதுதான். இதப் போய்ப் பதினோரு வயசுப் பிள்ளைங்களுக்குக் கேக்கறாங்களேன்னு நெனச்சேன்."

"அது பதினோரு வயசுக் கேள்வி இல்லண்ணே" என்றேன். "உங்க வயசுக் கேள்வி. நீங்க சரியாச் சொல்லச் சொல்ல, அது உங்களத் தேடிட்டு மேல மேல வந்திருக்கு."

சித்தியின் கையில் கத்தி நின்றது. முதலில் புரிந்தது அவளுக்குத்தான். "ஐயையோ" என்றாள்.

அக்காவுக்கு இன்னும் புரியவில்லை. "தப்பா டீச்சர்? நீங்கதான வீட்டுலயே எழுதலாம்னு போட்டிருந்தீங்க? வீட்டுலதான் எல்லாரும் இருக்கோமே. புள்ள ஒத்தையா உக்காந்து முழிச்சிட்டிருக்க, நாங்க பாத்துட்டு சும்மா இருப்போமா?"

அவர் சொன்னதில் ஒரு சொட்டு நடிப்பு இல்லை. துணி வந்தால் எல்லாரும் தைத்தார்கள். பரீட்சை வந்தது, எல்லாரும் எழுதினார்கள். தனியாக எழுத வேண்டும் என்ற ஒரு சொல்லை நான் சுற்றறிக்கையில் போட்டிருந்தால் மூவரும் மழையென்றும் பாராமல் வெளியே போய் நின்றிருப்பார்கள்.

நிலைமையை எடுத்துச் சொன்னேன். இன்னும் பத்து நாளில் இரண்டாவது பரீட்சை, பள்ளிக்கூடத்திலேயே. பட்டன் தனியாக உட்கார்ந்தால் எண் சரசரவென்று இறங்கும். இருநூற்று முப்பத்தெட்டு எங்கே போனது என்று கேட்பார்கள். ஏமாற்றியதாக முடிவு கட்டினால் இடம் போய்விடும். சொல்லாமல் விட்டாலும் அவள் முதல் குழுவில் மூச்சுமுட்டிக் கிடக்கிறாள். தனக்கு மூளை கழன்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கடைசி வரியில் அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு பண்ணலாம்" என்றாள் சித்தி. "பரீட்சை அன்னிக்குக் காய்ச்சல்னு சொல்லிடலாம். அடுத்த வருஷத்துக்குள்ள எப்படியாவது தேத்திடலாம்."

"புள்ளைக்கு என்ன சொல்லுவ?" என்றார் அண்ணன்.

சித்தி மறுபடி கிழங்கைச் சீவ ஆரம்பித்தாள்.

"ஒரு வீட்டுல தரை போட்டேன்" என்று மெதுவாக ஆரம்பித்தார் அண்ணன். "ரசமட்டம் வெச்சு வாட்டம் பாக்காமப் போட்டுட்டேன், அவசரத்துல. பாக்க அழகா இருந்துச்சு. தண்ணி ஊத்தினா வாசலுக்குப் போகாம கட்டிலுக்கு அடியில போகுது. என்ன பண்றது? பேத்துட்டுத் திரும்பப் போட்டேன். அந்த வீட்டம்மா திட்டினாங்க. திட்டட்டும்னு போட்டேன். வாங்க, நாளைக்குப் போய்ச் சொல்லிடலாம்."

"யாரு போறது?" என்றேன்.

மூவரும் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். அதுவும் ஒரு கேள்வியா என்று.

ஆகவே மறுநாள் காலை தலைமையாசிரியையின் அறையில் ஐந்து பேர் போய் நின்றோம். நாற்காலி இரண்டுதான் இருந்தது; யாரும் உட்காரவில்லை. தலைமையாசிரியை அதிகம் பேசாதவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாரென்றால் பெரிய பிள்ளைகளுக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அக்கா தொடங்கினார், அண்ணன் நடுவில் புகுந்தார், சித்தி திருத்தினாள், மறுபடி அக்கா. பட்டன் அம்மாவின் இடுப்புச் சேலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"ஆக, உதவி பண்ணினது யாரு?" என்றார் தலைமையாசிரியை.

மூன்று கைகள் உயர்ந்தன. நானும் தூக்கினேன்.

"நீங்களுமா?"

"ஒரு கேள்வி, மேடம். மாதிரிப் பயிற்சின்னு நெனச்சேன். சுற்றறிக்கையில தனியா எழுதணும்னு போடாததும் நான்தான்."

அவர் தன் கணினியில் பட்டனின் பரீட்சையைத் திறந்தார். கேள்வி கேள்வியாகக் கீழே தள்ளிக்கொண்டே போனார்.  அக்காவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கடைசியில் தலைமையாசிரியையின் கை நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

பரீட்சை முடிந்ததும் கடைசியாக ஒரு பக்கம் வரும். கணக்கோடு அதற்குச் சம்பந்தமில்லை, எண்ணும் கிடையாது. 'இந்தத் தேர்வில் உங்களுக்கு யாராவது உதவினார்களா?' என்று கேட்டு, ஆம், இல்லை என்று இரண்டு வட்டம். கீழே ஒரு சின்னக் கட்டம், விருப்பமிருந்தால் எழுதலாம் என்று. பிள்ளைகள் யோசிக்காமல் 'இல்லை'யைத் தட்டிவிட்டு ஓடுவார்கள்.

பட்டன் 'ஆம்' என்று போட்டிருந்தாள். கட்டத்தில் எழுதியிருந்தாள்: 'அம்மா, அப்பா, சித்தி, மாடி டீச்சர் (ஒரு கேள்வி மட்டும்). எல்லாருக்கும் நன்றி.'

"இது ஒன்றரை மாசமா இங்கேயே இருக்கு" என்றார் தலைமையாசிரியை. "யாராவது படிச்சீங்களா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை. இருபத்தொன்பது பிள்ளைகளில் ஒருவருடையதைக்கூட நான் படிக்கவில்லை.

"நானும் படிக்கல" என்றார் அவர். "மறைச்சிருந்தா நான் பேசற விதமே வேற. மறைக்கல. நாமதான் பாக்கல" என்றார். பட்டனைப் பக்கத்தில் கூப்பிட்டார். "பழைய எண்ணை எடுத்துடறேன். அது ஒன்னோடது இல்ல. பத்து நாள் கழிச்சு நீ மட்டும் எழுது. இருநூறு வந்தா இங்கேயே இரு, நடுக் குழுவுல. வரலன்னா பழைய ஸ்கூலுக்குப் போகணும். சரியா? அழுவியா?"

"மாட்டேன்."

"நல்லது. எனக்குப் பிள்ளைங்க அழுதா என்ன பண்றதுன்னே தெரியாது."

வெளியே வந்ததும் அழுதது அக்காதான்.

அந்தப் பத்து நாளில் பட்டனைத் தயார்ப்படுத்தினேன் என்று சொன்னால் பாதி பொய். தயார்ப்படுத்த வேண்டியிருந்தது அந்த மூவரை. முதல் நாளே ஒரு விஷயம் தெரிந்தது. மாதிரிக் கேள்வி ஒன்றைப் படித்து முடித்ததும் பட்டனின் கண் திரையில் நிற்காது. நிமிர்ந்து முகங்களைப் பார்ப்பாள். சரியான விடைமேல் சுட்டி போகும்போது அக்காவின் புருவம் மேலே போகும். தப்பான விடை என்றால் அண்ணன் தொண்டையைச் செருமுவார். சித்திக்குக் கால் ஆடும். யாரும் வாய் திறக்கவில்லை, ஆனால் விடை முழுக்க அந்த அறையில் நடமாடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. முகம் பார்க்காமல் போடத்தான் தெரியவில்லை.

"எல்லாரும் திரும்பி உக்காருங்க" என்றேன்.

அக்கா தையல் மிஷினைச் சுவரோடு திருப்பிப் போட்டுக்கொண்டார். அண்ணன் வாசற்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். சித்தி, மருந்துச்சீட்டு அடுக்கும் சாக்கில், அலமாரிப் பக்கம். நான் ஜன்னல் பக்கம். இப்படி முதுகைக் காட்டிக்கொண்டு நாலு பேர் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழுவரை. தெருவில் போகிறவர்கள், வீட்டில் ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

முதல் இரண்டு நாள் பட்டன் தவித்துப்போனாள்.

"டீச்சர், இது ரைட்டா?"

"தெரியாது. தட்டு."

"தப்பாயிட்டா?"

"அடுத்தது கொஞ்சம் ஈசியா வரும்."

"அதுக்குக் கோவம் வராதா?"

"மிஷினுக்குக் கோவப்படத் தெரியாது. ஒனக்கு எதுவரைக்கும் தெரியும்னு மட்டும்தான் அதுக்குத் தெரியணும். எல்லாருக்கும் பாதி தப்பு வரும். எனக்கும் வரும்."

"பெரிய டீச்சருக்கு?"

"அவங்களுக்கும்."

இதில் அவளுக்கு ரொம்ப திருப்தி.

"அப்பா, பாதி தப்பு வரலாமாம்" என்று கத்தினாள்.

"எந்தப் பாதின்னு சொல்லு, நான்..." என்று திரும்பப்போன அண்ணனை, "திரும்பாதீங்க!" என்று மூன்று பெண்களும் ஒரே குரலில் அதட்டினோம்.

நாலாம் நாள் அக்கா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். வாய் சும்மா இருந்தால் விடை வந்துவிடுமாம். சித்திக்குச் சரியான விடை தட்டினால் இருமல் வருகிறது என்று கண்டுபிடித்து, அவளைக் கொல்லைப்பக்கம் அனுப்பினோம். ஆறாம் நாள் பட்டன் முகம் தேடுவதை விட்டாள். விரலை மடக்கித் தனக்குள் முணுமுணுத்துக் கணக்குப் போட்டாள். ஒரு இடத்தில் வெகுநேரம் சத்தமே இல்லை. நாலு முதுகும் விறைத்துப்போயின. பிறகு "ஓ!" என்று ஒரு சின்னக் குரல், தட்டும் ஒலி. என்ன கேள்வி, சரியா தப்பா, எங்களில் யாருக்கும் தெரியாது. அக்காவின் தோள் மட்டும் குலுங்கியது. வாயில் குண்டூசி இருந்ததால் சத்தம் வரவில்லை.

பரீட்சை அன்று மறுபடி மழை, தூறலாக. இருபத்தொன்பது கணினிகள். பட்டன் கடைசி வரிசையில், ஜன்னல் ஓரம். எங்கள் பள்ளிச் சட்டை, கழுத்துவரை பட்டன் போட்டு. முதல் கேள்வியைப் படித்ததும் பழக்க தோஷத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அந்தக் கணமே திரும்பிக் கரும்பலகையைப் படிக்க ஆரம்பித்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அப்புறம் அவள் நிமிரவில்லை.

ஒரு மணி நேரம் பிள்ளைகளின் பின்னால் நடந்தேன். அவள் திரையில் ஒரு கேள்வி: நீளமும் அகலமும் கொடுத்து, எத்தனை டைல்ஸ் வேண்டும் என்று. அவள் தாளில் கட்டம் போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அண்ணன் பார்த்தால் மூன்று விநாடியில் சொல்லிவிடுவார். நானும் சொல்லிவிடுவேன். பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போனேன். ஒருவருக்கு உதவாமல் இருப்பது இத்தனை பாடு என்று அந்த வீட்டுக்குக் குடிவரும்வரை எனக்குத் தெரியாது.

கடைசியில் பட்டன் கை தூக்கினாள். பக்கத்தில் போனேன். யாராவது உதவினார்களா என்று கேட்கும் அந்தக் கடைசிப் பக்கம்.

"டீச்சர், இதுக்கு என்ன போடறது?" என்று குசுகுசுத்தாள்.

"உள்ளதப் போடு."

திரும்பி நின்றுகொண்டேன். அவள் வெகுநேரம் தட்டினாள். பிறகு "டீச்சர்" என்றாள். எண் வந்திருந்தது. இருநூற்று நாலு.

 கைக்குட்டைப் பெட்டியைத் தேடினேன், எனக்காக. அவள் பையை மாட்டிக்கொண்டு, "நான் போலாமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஓடினாள்.

அறை காலியானதும் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் கட்டத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். இந்தத் தடவை ஒன்று விடாமல். பெரும்பாலும் காலி. ஒரு பெண் 'பசிக்கிறது' என்று எழுதியிருந்தாள். பட்டனுடையது கடைசியில் இருந்தது.

'இல்லை' என்ற வட்டத்தைத் தட்டியிருந்தாள். கீழே எழுதியிருந்தாள்: 'இன்னிக்கு மட்டும் இல்லை. அவங்க வெளியே நிக்கறாங்க.'

எழுந்து ஜன்னலுக்குப் போனேன். பள்ளி வாசலுக்கு வெளியே, தூறலில், அண்ணன், அக்கா, சித்தி மூவரும் ஒரே குடைக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்து. எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறார்களோ தெரியவில்லை. யாரும் அவர்களை அப்படி நிற்கச் சொல்லவில்லை.

பட்டன் மைதானத்தைக் கடந்து ஓடினாள். வாசலில் நின்று கத்தியது எனக்கே கேட்டது.

"எனக்குப் பாதி தப்பு! எல்லாரும் திரும்பலாம்!"

மூவரும் திரும்பினார்கள்.